நூல் பிடித்துப் போட்ட கோடு

"பெண் குழந்தை. வயிற்றுப்போக்கு, இரண்டாம் நாள். வீட்டில் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாக்கெட், சுமார் 600 மி.லி. தண்ணீரில். இன்று காலை வலிப்பு ஒரு முறை."

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சீட்டின் நகல் இது. எங்கள் நிலையத்துச் செவிலியர் சொல்ல நான் எழுதியது. சீட்டின் மேல் மூலையில் தேதி இருக்கிறது. தேதி விஷயத்தில் நான் கறாரானவன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மழை பெய்த நாள், ஜீப் நடுவழியில் நின்ற நாள், காய்ச்சல் மாத்திரை தீர்ந்துபோன நாள் எல்லாவற்றுக்கும் என்னிடம் குறிப்பு உண்டு. ஆனால் இந்தத் தேதியை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. வருடத்தையும் நாளையும் சொன்னால் யார் வீட்டுப் பிள்ளை என்று ராஜபாளையத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடியதற்கு மறுநாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இந்த வருடம் மருந்தாளுநர்களாகவும் செவிலியர்களாகவும் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் படிப்பதற்காக இதை எழுதச் சொன்னார்கள். மருந்தாளுநராக இருந்த என் பணிக்காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு நல்ல காரியத்தில்தான் ஆரம்பித்தது.

அந்தக் கரைசல் பாக்கெட்டின் முதுகில் 'ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்' என்று அச்சிட்டிருக்கும். அந்த ஒரு லிட்டர் வீட்டில் எங்கே இருக்கிறது என்று அச்சிட்டிருக்காது. சேத்தூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த நிலையத்தில் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிற தாய்மார் கவுண்டரில் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு லிட்டருன்னா எம்புட்டு சார்?" என்பதுதான். நாலைந்து டம்ளர் என்று எங்கள் ஆட்கள் பதில் சொல்வார்கள். எந்த டம்ளர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டீக்கடை டம்ளரும் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்கிற டம்ளரும் ஒன்றா?

எனக்குப் பழைய அளவைகளில் கொஞ்சம் பித்து உண்டு. நில வருவாய்க் குறிப்புகள், கல்வெட்டுத் தொகுப்புகள் என்று கிடைத்ததையெல்லாம் படித்துவைத்திருந்தேன். அந்த அறிவை இங்கே காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336, படி 1344. அப்படியானால் மூன்று உழக்கு 1008 மில்லி. லிட்டருக்கு மேல் வெறும் எட்டு மில்லி. கணக்கு இவ்வளவு அழகாக விழுந்ததில் எனக்கே ஆச்சரியம். 'மூன்று உழக்குத் தண்ணீர், ஒரு பாக்கெட்' என்று பெரிய எழுத்தில் எழுதி மருந்து கவுண்டருக்கு மேலே ஒட்டினேன்.

எங்கள் நிலையத்துச் சமுதாய சுகாதாரச் செவிலியர் அதைப் பார்த்தார். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இது எந்த வீட்டு உழக்கு சார்?"

"உழக்குன்னா உழக்குதான சிஸ்டர்."

"வாங்க, போயிப் பாப்போம்."

ராஜபாளையம் போகிற வழியில், நூற்பு மில்லுக்குப் பின்னால் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்தன. லைன் வீடு என்பார்கள். ஒரே சுவரை இரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொண்டு நீளமாகப் போகும். அங்கே கனகம் என்ற அம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து உழக்குகளைக் கொண்டுவரச் சொன்னோம். நான் ஒரு லிட்டர் கண்ணாடி அளவு ஜாடியை எடுத்துவைத்தேன். ஒவ்வோர் உழக்காகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒன்று முந்நூறைத் தாண்டவில்லை. இன்னொன்று நானூறைத் தொட்டது. ஒன்று அடி நசுங்கி எந்தக் கணக்கிலும் சேராமல் இருந்தது. கனகம் வீட்டிலிருந்து மட்டும் இரண்டு உழக்குகள் வந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு கை அரிசி அளவுக்கு வித்தியாசம்.

"இது என்னம்மா, ஒரே வீட்டுல ரெண்டு?"

"எங்க மாமியா வச்சிட்டுப் போனது சார். அரிசி எரவல் குடுக்கதுக்கு இது. எரவல் வாங்கதுக்கு அது."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ஏட்டி, இம்புட்டு நாளும் அந்தச் சின்னதுலதான் எனக்கு அளந்து தந்தியா?" என்று ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். கனகம் வீட்டில் பேச்சு தெலுங்கு. உள்ளே இருந்த தன் வீட்டுக்காரரிடம் அதில் ஏதோ சொன்னார். அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் 1008 அந்த வாசலில் எட்டுத் துண்டாகக் கிடந்தது.

திரும்பி வரும்போது சிஸ்டர்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஒரு லிட்டரை வாயால் சொல்ல வேண்டாம், உழக்காகவும் மாற்ற வேண்டாம். அளவு ஜாடியைக் கையிலேயே கொண்டுபோவோம். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் மோந்து வைக்கிற செம்பில் ஒரு லிட்டரை ஊற்றி, நீர் நிற்கிற இடத்தில் கோடு போட்டுக் கொடுப்போம். அந்த வீட்டுக்கு அந்தக் கோடுதான் லிட்டர். கோடு தண்ணீரில் அழியக் கூடாது என்பதற்காக ஃபேன்ஸி ஸ்டோரில் சிவப்பு நகச்சாயம் வாங்கினோம். வெள்ளைச் சேலையோடு சிஸ்டர் அதைக் கேட்டபோது கடைக்காரப் பையன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தான்.

லைன் வீடுகளில் அன்று காலை முழுவதும் கோடு போட்டோம். "எனக்கு நகத்துக்கும் செத்த வச்சு விடுங்க சிஸ்டர்" என்று வயதான பெண்கள் கையை நீட்டினார்கள். கனகத்தின் செம்பு அகன்ற வயிறுள்ள எவர்சில்வர் செம்பு. அதில் கோடு பாதிக்குச் சற்று மேலே விழுந்தது. கோணல் இல்லாமல் அழகாக வந்ததென்று அவருக்குப் பெருமை. மில் ஷிப்டுக்குப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் தங்கள் செம்பை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வரட்டும் என்று கனகத்திடம் சொல்லிவிட்டு வந்தோம். சிலர் வந்தார்கள். வராதவர்கள் யார் என்று பார்த்துத் திரும்பப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் தடுப்பூசி முகாம் வந்துவிட்டது.

அந்த மழைக்காலம் பெரிய தொல்லை எதுவும் இல்லாமல் கழிந்தது. மாவட்டக் கூட்டத்தில் எங்கள் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சிஸ்டரைப் பேசச் சொன்னார்கள். மற்ற இடங்களிலும் இதைச் செய்து பார்க்கலாம் என்று மேலதிகாரி ஒருவர் சொன்னார்.

அடுத்த ஆடியில் லைன் வீட்டுக் குடிதண்ணீர்க் குழாய் எங்கோ விரிந்து சாக்கடை கலந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஊர் ஊராகச் சொந்தக்காரர்கள் வந்திருந்த நேரம். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் முகாமில் இருந்தார்கள். நிலையத்தில் நானும் சிஸ்டரும் ஓர் ஆயாவும் மட்டும். தேருக்கு மறுநாள் காலை கனகம் போன் செய்தார்.

"சிஸ்டர், எதுத்த வரிசை முத்துமாரி பிள்ளைக்குக் கை காலெல்லாம் வெட்டி இழுக்கு. ஓடி வாங்க."

முத்துமாரி மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். நூலைக் கண்டிலிருந்து கூம்புக்கு ஏற்றுகிற இடம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பிள்ளை தவழ்ந்து முடித்துச் சுவரைப் பிடித்து நிற்கிற பருவம். என் ஸ்கூட்டரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு நின்றிருந்தது. பிள்ளை அவள் மடியில் கண் செருகிக் கிடந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது. சிஸ்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். வழக்கமாக நீர் வற்றிய பிள்ளைக்குத் தோல் மடிப்பாக நிற்கும். இது பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

"போக்கு எப்படிம்மா இருக்கு?"

"நேத்து மத்தியானத்துலருந்து கொறஞ்சிட்டு சிஸ்டர். ஆனா தண்ணி தண்ணின்னு அழுது. ஒங்க பாக்கெட்டத்தான் கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேன். ஒரு சொட்டு விடாமக் குடிச்சா. நாலு பாக்கெட் ஆயிட்டு."

"எதுல கரைச்ச?"

அவள் கண்ணாலேயே காட்டினாள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. நெட்டையாக, நேராக, வயிறே இல்லாத செம்பு. நடுவில் சிவப்புக் கோடு. சிஸ்டர் அதை எடுத்தார். அடியில் கொஞ்சம் கரைசல் மிச்சம் இருந்தது.

"இந்தக் கோடு நாங்க போட்டது இல்லையே. யாரு போட்டா?"

"நாந்தேன். நீங்க வந்த அன்னைக்கு எனக்கு மொத ஷிப்ட்டு. செம்பத் தூக்கிட்டு அங்க வர நேரம் தோதுப்படல. கனகத்தக்கா செம்புல அடியிலருந்து கோடு வரைக்கும் நூலப் பிடிச்சு அறுத்துக்கிட்டு வந்து, அத எங்க செம்புல வச்சுப் போட்டேன். கண்ணு மதிப்புல போடல சிஸ்டர். நூலு பிடிச்சுத்தான் போட்டேன். மயிரிழை கூடக் கொறையாது."

தம்பி தங்கைகளே, அந்த வீட்டில் நான் கேட்ட அந்தக் கடைசி வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் சொன்னது உண்மை. நூலில் அவள் கை பிசகாது. நாள் முழுவதும் நூலை அளந்து பிழைக்கிறவள். வேறு யாராக இருந்தாலும் 'இந்தா, இவ்வளவு உயரம்' என்று விரலை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். இவள் நூல் பிடித்தாள். அகன்ற செம்பின் கோட்டை ஒல்லியான செம்புக்கு அதே உயரத்தில், கொஞ்சமும் மாறாமல் கொண்டுவந்தாள். உயரம் அப்படியே வந்துவிட்டது, கொள்ளளவு வரவில்லை.

தண்ணீர் குறைந்தால் அதே பாக்கெட் உப்பு ஏறிப்போகும். உப்பு ஏறினால் தாகம் ஏறும். பிள்ளை தாகத்துக்கு அழ அழ, இவள் அதே தண்ணீரைக் கொடுத்திருக்கிறாள்.

சிஸ்டர் மிச்சத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று நாம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற சோதனை அது. பிறகு செம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "பிள்ளையத் தூக்கு. ஆட்டோ வரட்டும்" என்றார். கனகம் ஆட்டோவோடு வந்தார். முத்துமாரியின் மாமியார் வாசலில் நின்று, "அவனுக்குப் போனப் போடுங்களேன், மில்லுல இருக்கான்" என்று மகனைத் தேடிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் சிஸ்டர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, நான் முழங்காலில் அட்டையை வைத்து முதலில் காட்டிய சீட்டை எழுதினேன்.

"எத்தன மில்லின்னு போட சிஸ்டர்?"

அவர் கண்ணை மூடி ஒரு கணம் அந்தச் செம்பை நினைத்துப் பார்த்தார். "அறுநூறு இருக்கும். சுமார்னு போடுங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த குழந்தை மருத்துவர் சீட்டைப் படித்ததும் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "அறுநூறுதானா? ரொம்பக் குறைவாச்சே." சிஸ்டர் தன் கையால் செம்பின் அகலத்தைக் காட்டினார். மருத்துவர் உடனே நர்சைக் கூப்பிட்டு, குளுக்கோஸை வேகமாக ஏற்றவேண்டாம், சொட்டுச் சொட்டாகவே போகட்டும் என்றார். நீர் வற்றிய பிள்ளைக்கு அவசரமாக ஏற்றுவதுதான் பழக்கம். உப்பு ஏறிய பிள்ளைக்கு அப்படிச் செய்தால் மூளை வீங்கிவிடும். சிஸ்டர் சொன்ன அந்த எண் இல்லாவிட்டால் வேகமாகத்தான் ஏற்றியிருப்பேன் என்று அந்த மருத்துவர் பிறகு என்னிடம் சொன்னார். மத்தியானம் மதுரைக்கு அனுப்பினார்கள்.

அவசரத்தில் ஓர் எண் தேவைப்படும்போது கையில் அளவு இல்லை என்று வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். மதிப்பிட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது அது மதிப்பீடு என்றும் சொல்லுங்கள். சிஸ்டர் அன்று இரண்டையும் செய்தார். அதில் எனக்கு இன்றும் குறை இல்லை.

பிள்ளை பிழைத்தது. தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் இடது கை சரியாக மடங்கி நீளவில்லை. அவ்வப்போது வலிப்பு வந்தது. தினமும் மாத்திரை என்றார்கள்.

மதுரையிலிருந்து வந்த காகிதங்களை நான் பார்த்தேன். எங்கள் சீட்டில் 'சுமார் 600' என்று இருந்தது. டவுன் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் 'சுமார்' இருந்தது. மதுரையில் சேர்க்கும்போது எழுதியதில் அது இல்லை. '600 மி.லி.' என்று மட்டும் இருந்தது. அடுத்தடுத்த பக்கங்களிலும் அப்படியே. யாரும் தப்பாக எழுதவில்லை, சுருக்கமாகத்தான் எழுதினார்கள். ஆனால் ஒரு செவிலியர் ஆட்டோவில் கண்ணை மூடிச் சொன்ன எண், நாலு இடம் மாறியதும் அளந்த எண்ணாகிவிட்டது.

முத்துமாரியின் கொழுந்தன் போலீஸில் இருந்தான். லீவில் வந்தவன் அந்தக் காகிதங்களை வாங்கி வாசித்திருக்கிறான். கனகம்தான் எங்களிடம் வந்து சொன்னார்.

"எப்.ஐ.ஆர். படிக்க மாதிரி படிச்சாம் சிஸ்டர். 'லிட்டர்ல கரைக்க வேண்டியத அறுநூறுல கரைச்சிருக்கா, இதுல எழுதிருக்கு' அப்படின்னான். அவ மாமியாக்காரி அன்னையிலருந்து அவ கையால ஒரு வாய் காப்பித் தண்ணி வாங்கிக் குடிக்கல."

"நீங்க எடுத்துச் சொல்லப்படாதா?"

"சொன்னேனே. எங் கோட்டப் பாத்துத்தான போட்டான்னு சொன்னேன். 'அப்ப ஓம் பிள்ளைக்கு ஏன் ஒண்ணும் ஆகல'ன்னு கேக்கா. என்னத்தச் சொல்லட்டும்?"

சிஸ்டர் மறுநாளே என்னையும் அளவு ஜாடியையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டாரை உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது போல மெதுவாக விளக்கினார். இரண்டு செம்புக்கும் உயரம் ஒன்று, அகலம் வேறு. பெண் தப்புச் செய்யவில்லை. எந்தச் செம்பின் கோடும் அந்தச் செம்புக்கு மட்டும்தான் என்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிஸ்டர், "அந்தச் செம்ப எடுங்க, அளந்து பாத்துருவோம்" என்றார்.

"அது இல்ல" என்றார் மாமியார். "வீட்டுல இருக்கக் கூடாதுன்னு வில்லிபுத்தூர்ப் பாத்திரக் கடையில போட்டுட்டு வேற வாங்கியாச்சு."

அங்கிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரருக்குச் செம்பு ஞாபகம் இருந்தது. கையால் தட்டிச் செய்த பழைய வேலை, இப்போது அந்த மாதிரி யாரும் செய்வதில்லை என்றார். "பழைய பித்தளையெல்லாம் போன வாரமே ஏத்தி விட்டாச்சும்மா. இந்நேரம் உருக்கிருப்பாங்க." முத்துமாரியின் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த செம்பு அது. அதே மாதிரி இன்னொன்று அந்த வீட்டிலும் இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று நாக்கில் வைத்தது கரித்ததா என்று கேட்டேன்.

"அன்னைக்கு இருந்த பயத்துல எல்லாமே கரிச்சது சார்" என்றார்.

பிள்ளைக்கு வலிப்பு வந்த அன்று காலையும் என் பை என் தோளில்தான் இருந்தது, முத்துமாரியின் வீட்டுக்குள். ஜாடி பைக்குள் இருந்தது. செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோடு வரை தண்ணீர் பிடித்து ஜாடியில் ஊற்ற ஆட்டோ வருகிற நேரம் போதும். எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பிள்ளை மடியில் அப்படிக் கிடக்கும்போது யாருக்கும் தோன்றியிருக்காது என்று சிஸ்டருக்கு நான் பல தடவை சொன்னேன். அவரும் எனக்குச் சொன்னார்.

சிவப்புக் கோட்டை அதோடு நிறுத்திவிட்டோம். இன்று உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அதைக் காட்டினால் போதும். அன்றும் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பயணம் போகிறவர்கள் வாங்குகிற பொருள் என்று நினைத்தோமே தவிர, அதுதான் நாங்கள் தேடிய லிட்டர் என்று நினைக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் முத்துமாரி கவுண்டருக்கு வந்தாள். பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையில் பக்கத்தில் நின்றாள். இருமல் காய்ச்சல். மருத்துவர் பொடியாக வருகிற ஆன்டிபயாடிக் மருந்து எழுதியிருந்தார். பாட்டிலில் ஒரு கோடு இருக்கும்; கொதித்து ஆறிய தண்ணீரை அந்தக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். வழக்கம் போலச் சொல்லிக்கொண்டே பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே ஊத்திக் குடுத்துருங்க சார். கோடெல்லாம் எனக்கு வேண்டாம்."

ஊற்றிக் கொடுத்தேன். கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையை வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்டாள்.

"சார், அது அறுநூறுதானா?"

"அளக்கலம்மா. சிஸ்டர் கண்ணால பாத்துச் சொன்னது" என்றேன்.

"எல்லாக் காயிதத்துலயும் எழுதிருக்கே."

"ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதுனது."

"அளந்து பாத்துருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கனகத்தின் எவர்சில்வர் செம்பு இன்னும் இருக்கிறது, நகச்சாயமும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. அடியிலிருந்து கோடு வரை உயரம் பதினொரு சென்டிமீட்டர். முத்துமாரியின் செம்பிலும் கோடு அதே உயரம்தான், அவள் நூலை நான் நம்புகிறேன். நேரான செம்பு என்பதால் உள்வட்டத்தின் குறுக்களவு தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும். எட்டேகால் சென்டிமீட்டர் என்றால் அறுநூறுக்குச் சற்றுக் குறைவு. சிஸ்டர் சொன்னது சரி. பத்துக்கு நூலிழை குறைவு என்றால் எண்ணூற்றைம்பது. எண்ணூற்றைம்பது மில்லியில் ஒரு பாக்கெட் என்பது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கொடுத்த பழைய பாக்கெட்டின் உப்புக்குச் சமம். அதைக் குடித்து எத்தனையோ பிள்ளைகள் தேறியிருக்கின்றன. அப்படியானால் பிள்ளைக்கு வந்தது தண்ணீரில் இருந்த கிருமியாலோ காய்ச்சலாலோ இருக்க வேண்டும், அவள் கரைத்ததால் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் அகலம்.

முத்துமாரியிடம் செம்பின் அகலத்தைக் கையால் காட்டச் சொன்னேன். காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டபோது காட்டியது வேறாக இருந்தது. கனகம் காட்டியதும் வேறு. சிஸ்டரிடம் கடைசியாகக் கேட்டது அவர் மதுரையில் படுத்திருந்தபோது. போர்வைக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கி அகலம் வைத்துப் பார்த்தார், அகற்றினார், நெருக்கினார், பிறகு கைகளைக் கீழே போட்டுவிட்டார். சென்ற ஆண்டு தவக்காலத்தில் காலமானார்.

மதுரை மருத்துவரையும் கேட்டேன். அன்றைய ரத்தப் பரிசோதனையில் உப்பு கூடுதலாகத்தான் இருந்ததாம். ஆனால் கடும் வயிற்றுப்போக்கில் கரைசலே குடிக்காத பிள்ளைகளுக்கும் அப்படி ஏறுவதுண்டு, எது காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார்.

ஆகவே உங்களுக்காக இதை எழுதும் இந்த நாள் வரை நிலைமை இதுதான். காகிதங்களில் 600 மி.லி. என்று இருக்கிறது. முத்துமாரியின் செம்பு கோடு வரை எவ்வளவு கொண்டது என்பது அளக்கப்படவில்லை.